பழைய டயரைக் கான்கிரீட்டில் எந்த வடிவில் சேர்ப்பது: ரப்பர் துகளா, எஃகிழையா, நைலான் இழையா?

பழைய டயரைக் கலந்தால் கான்கிரீட் வலுப்பெறும் என்ற செய்தி அவ்வப்போது கண்ணில் படுகிறது. டயர் ரப்பரைக் கலந்தால் கான்கிரீட்டின் வலிமை குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளோ அதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டுமே உண்மைதான். முதல் வகைச் செய்திகள் பெரும்பாலும் டயரிலிருந்து பிரித்தெடுத்த இழைகளையோ கரியையோ பற்றிப் பேசுகின்றன. இரண்டாம் வகை ஆய்வுகள் ரப்பரைப் பற்றிப் பேசுகின்றன. டயர் என்ற ஒரே சொல்லுக்குள் இவை அனைத்தும் அடங்கிவிடுவதால் குழப்பம் நேர்கிறது. பேவர் பிளாக் தயாரிப்பவரோ, தொழிற்கூடத்துக்குத் தளம் போடப் போகிறவரோ, ரெடி மிக்ஸ் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரோ பழைய டயரைப் பயன்படுத்த முடிவெடுக்கும்போது, டயரின் எந்தப் பாகம், எந்த வேலைக்கு என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

ஒரு கார் டயரின் எடையில் ஏறத்தாழப் பாதி ரப்பர். அதில் இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கும். கால் பங்கு அளவுக்குக் கார்பன் பிளாக் எனப்படும் கரித்தூள். எஃகுக் கம்பி 10 முதல் 15 சதவீதம். நைலான், பாலியெஸ்டர் போன்ற துணி இழைகள் 5 சதவீத அளவில். உட்கூட்டில் எஃகு நாண்கள் ஓடும் லாரிகளின் ரேடியல் டயரில் எஃகின் பங்கு கால் பங்கை நெருங்கும், துணி இழை அநேகமாக இருக்காது. நம் நாட்டு லாரிகளிலும் டிராக்டர்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நைலான் டயரில் நிலைமை இதற்கு நேர்மாறானது: விளிம்பில் உள்ள பீட் கம்பியைத் தவிர எஃகு கிடையாது, உட்கூடு முழுவதும் நைலான் நூல். எனவே டயரை அரைத்துப் பிரிக்கும் அரவை ஆலைக்கு எந்த டயர் வருகிறது என்பதே அங்கிருந்து எந்தப் பொருள் வெளியேறும் என்பதை முடிவு செய்கிறது. வெளிநாட்டு ஆய்வு ஒன்றைப் படித்துவிட்டு அதே பொருளை உள்ளூர் ஆலையில் கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வலிமை என்பதும் ஒன்றன்று. எம்25 கான்கிரீட் என்றால் 28 நாள் பதப்படுத்திய 150 மில்லிமீட்டர் கியூப், அதாவது சோதனைக்கென வார்த்த கனசதுரம், 25 மெகாபாஸ்கல் அமுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். அதே கான்கிரீட்டின் வளைவு வலிமை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தரும் சூத்திரப்படி, 3.5 மெகாபாஸ்கல்தான், ஏழில் ஒரு பங்கு. விரிசல் விட்ட பிறகு எவ்வளவு சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் என்பது வேறொரு வலிமை; மோதலைத் தாங்குவது இன்னொன்று. தூணுக்கு அமுக்க வலிமை முக்கியம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தரைக்கு வளைவும் விரிசலுக்குப் பிந்தைய தாங்குதிறனும் முக்கியம். டயரின் எந்தப் பாகமும் இவை அனைத்தையும் ஒருசேர உயர்த்துவதில்லை.

டயரைத் துண்டு துண்டாக வெட்டி ஜல்லிக்குப் பதிலாகப் போடும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்டின், செனூச்சி ஆகிய இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஜல்லி முழுவதற்கும் பதிலாக டயர் துண்டுகளைப் போட்டபோது அமுக்க வலிமை 85 சதவீதம் வரையிலும், இழுவிசை வலிமை பாதியளவுக்கும் குறைந்தன. அதன் பிறகு நடந்த ஆய்வுகளும் சாதாரணக் கட்டட வேலைக்கு இவ்வழியை நடைமுறையில் மீட்டெடுத்துவிடவில்லை. வெட்டுவதற்கு மின்செலவு குறைவு என்பது மட்டுமே இதன் சிறப்பு. அதற்காகக் கான்கிரீட்டையே பலி கொடுக்க முடியாது.

மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக ரப்பர் துகளைச் சேர்ப்பதுதான் உலகெங்கும் மிக அதிகமாக ஆராயப்பட்ட வழி, நம் சந்தையில் எளிதாகக் கிடைப்பதும் இதுவே. ஆயினும் இதில்தான் தவறுகளும் அதிகம் நேர்கின்றன, அவற்றுள் முதலாவது அளவையில் தொடங்குகிறது. எம்-சாண்ட் யூனிட் கணக்கில், அதாவது கன அளவில், வருகிறது. ரப்பர் துகள் கிலோ கணக்கில், மெஷ் எனப்படும் சல்லடைக்கண் அளவு சொல்லி விற்கப்படுகிறது. மணலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, ரப்பருடையது 1.15. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 700 கிலோ மணல் போடுவதாகக் கொண்டால், அதில் 10 சதவீதத்தைக் கன அளவில் மாற்றுவதற்கு 70 கிலோ மணலை எடுத்துவிட்டு 30 கிலோ ரப்பரைச் சேர்க்க வேண்டும். எடைக்கு எடை என்று எண்ணி 70 கிலோ ரப்பரைக் கொட்டினால், எடுத்த இடத்தைப் போல இரண்டேகால் மடங்கு இடத்தை ரப்பர் பிடித்துக்கொள்ளும். கலவை விகிதம் அப்போதே குலைந்துவிடும். கியூப் உடைந்து விழும்போது பழி மட்டும் ரப்பரின் மேல் விழும்.

சரியாக அளந்து போட்டாலும் வலிமை குறையத்தான் செய்யும், அதற்கான காரணம் பொருளின் இயல்பிலேயே உள்ளது. எம்25 கான்கிரீட்டின் விறைப்பைக் காட்டும் நெகிழ்ச்சிக் குணகம் 25,000 மெகாபாஸ்கல். ரப்பருடையது சில மெகாபாஸ்கல் மட்டுமே. சுமை வரும்போது ரப்பர் துகள் தன் பங்கைச் சுமக்காது. சுற்றியுள்ள சிமென்ட் பசையே அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கணக்குப்படி பார்த்தால், துகள் இருக்கும் இடம் வெற்றிடத்துக்குச் சமம். போதாக்குறைக்கு, ரப்பரைப் பதனிடும்போது துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்து உருவாகும் துத்தநாக ஸ்டியரேட் துகளின் மேற்பரப்பில் படிந்திருக்கிறது. அது சோப்பு இனத்தைச் சேர்ந்த பொருள், தண்ணீரை ஒட்டவிடாது. ஆகவே கலக்கும்போது துகளைச் சுற்றிக் காற்று சிக்கிக்கொள்கிறது, சிமென்ட் சரியாகப் பற்றுவதில்லை. வைப்ரேட்டரை அதிக நேரம் பிடித்தால் எடை குறைந்த துகள்கள் மேலே மிதந்து வந்து, மேற்பரப்பில் கறுப்புப் படலமாகத் திரள்கின்றன.

கன அளவில் 10 சதவீத மணலை மாற்றினால் அமுக்க வலிமை 10 முதல் 20 சதவீதம் வரை குறைவது சோதனைகளில் வழக்கமாகக் காணப்படுவது. இது சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஆனால் எம்25 கலவையை வடிவமைக்கும்போது நாம் 25-ஐக் குறிவைப்பதில்லை. கட்டுமான இடத்து வேலையின் ஏற்ற இறக்கத்தைக் கருதி 31.6 மெகாபாஸ்கலைக் குறிவைக்கிறோம். அதில் 15 சதவீதம் போனால் மிஞ்சுவது 26.9. தாளில் அது இன்னும் 25-க்கு மேல்தான்; ஆனால் மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் தாங்குவதற்கென்று வைத்திருந்த இடைவெளியில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். அதை ஈடுகட்டச் சிமென்ட்டைக் கூட்டலாம். ஆனால் 30 கிலோ ரப்பரை உள்ளே வைப்பதற்காக 40 கிலோ சிமென்ட்டைக் கூடுதலாகப் போட்டால், சாதாரண போர்ட்லாந்து சிமென்ட் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 முதல் 0.9 கிலோ கரியமில வாயுவை வெளியிடுவதால், சுற்றுச்சூழலுக்காக எடுத்த முடிவு சுற்றுச்சூழலையே கெடுப்பதாகிவிடும். ரப்பர் கலந்த கான்கிரீட்டைப் பசுமைக் கான்கிரீட் என்று விற்பவர்கள் இந்தக் கணக்கை ஏனோ காட்டுவதில்லை.

ரப்பருக்கே உரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண கியூபை இயந்திரத்தில் நசுக்கினால் நான்கு பக்கமும் பெயர்ந்து சிதறி, நடுவில் உடுக்கை வடிவத்தில் ஒரு கட்டி மிஞ்சும். ரப்பர் கலந்த கியூப் உடைந்த பிறகும் மேலிருந்து கீழாக விரிசல்களைக் காட்டிக்கொண்டு முழு உருவத்தோடு நிற்கும். மோதலின் ஆற்றலை அது உள்வாங்கிக்கொள்கிறது. எடை குறைவு, ஒலியும் வெப்பமும் கடப்பது குறைவு. சாலையோரத் தடுப்பு, உடற்பயிற்சிக் கூடத்தின் தரை, நடைபாதைக் கல், மொட்டைமாடிக் காப்புத்தளம் போன்ற இடங்களில் இவை உண்மையான நன்மைகள். கனடா போன்ற குளிர்நாட்டு ஆய்வுகளில் பெரிதாகப் பேசப்படும் உறைபனித் தாங்குதிறன் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ யாருக்கும் தேவைப்படாது.

துகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் மேற்பரப்பின் ஸ்டியரேட் நீங்கிச் சிமென்ட் நன்றாகப் பற்றும் என்பதைப் பிரேசிலில் செக்ரே, ஜூக்ஸ் ஆகியோர் 2000-இல் காட்டினர். பலரும் அதைத் திரும்பச் செய்து பார்த்து, இழப்பின் ஒரு பகுதி மீள்வதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு பகுதி மட்டுமே, ஏனெனில் ஒட்டுதல் கூடினாலும் ரப்பரின் மென்மை மாறுவதில்லை. ஊறவைத்த காரநீரை எங்கே விடுவது என்ற கேள்விக்கும், சரியாகக் கழுவாத காரம் சில வகை ஜல்லியோடு வினைபுரிந்து கான்கிரீட்டை உப்பச் செய்யும் அபாயத்துக்கும் சிறிய பட்டறையில் விடை கிடைக்காது. சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, சிமென்ட்டோடு முதலில் உலர்வாகப் புரட்டிப் பிறகு மற்றவற்றைச் சேர்ப்பது குறைந்த பயன் தரும் முறைதான், ஆனால் தொல்லையற்றது.

இவ்வளவு சொன்ன பிறகும் துகள் வழியை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் வீடுகளின் தரைத்தளத்துக்கு மணலில் கன அளவில் 20 சதவீதம் வரை மாற்றி ஆராய்ந்து, அது பயன்படுத்தத் தக்கதென்று கூறியுள்ளன. மண்ணின் மேல் பரப்பிய, சுமை குறைந்த தரைத்தளம் அது. அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்றாம் மாடியின் பீமில் வைக்கக் கூடாது.

டயரில் உள்ள எஃகைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அரவை ஆலையில் காந்தத்தில் ஒட்டி வெளியேறும் கம்பி பழைய இரும்போடு சேர்ந்து உருக்கு உலைக்குப் போய்விடுகிறது. ஆனால் டயரின் உட்கூட்டை வலுவூட்டும் நாணில் உள்ள கம்பி சாதாரண இரும்பன்று. அது 0.2 மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட, பித்தளை முலாம் பூசிய உயர்கரி எஃகு. அதன் இழுவிசை வலிமை 2,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். நாம் கட்டும் 500 தர முறுக்குக்கம்பியோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கு மேல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கிப்ரோஸ் பிலாகுடாசின் குழு இக்கம்பியைச் சுத்தம் செய்து, நீளவாரியாகத் தரம் பிரித்து, கான்கிரீட் இழையாகப் பயன்படுத்துவதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தது. டயரின் எல்லாப் பாகங்களையும் கான்கிரீட்டில் பயன்படுத்தும் நோக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அவர்கள் நடத்திய அனாஜெனிசி என்ற திட்டத்துக்கும் அதுவே அடித்தளம்.

எஃகிழையால் அமுக்க வலிமை பெரிதாக உயராது. விரிசல் விழுந்த பிறகுதான் அது வேலையைத் தொடங்குகிறது: விரிசலின் இரு கரைகளையும் ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொள்வதால், சாதாரண கான்கிரீட் இரண்டாகப் பிளந்துவிடும் கட்டத்திலும் இது சுமையைத் தாங்கி நிற்கிறது. தொழிற்கூடத் தரைக்கு இதைவிடத் தேவையான பண்பு வேறில்லை. கன மீட்டருக்கு 25 கிலோ போட்டால் கன அளவில் 0.3 சதவீதம்தான் ஆகிறது. அந்தச் சிறு அளவே மெல்லிய வலைக்கம்பியின் வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். வடிவமைப்புக்கு வழிகாட்டியும் இருக்கிறது: இழைக் கான்கிரீட் சாலைத்தளங்களுக்கு இந்தியச் சாலைக் கழகத்தின் எஸ்.பி. 46 உள்ளது. ஆலையில் புதிதாகச் செய்யும், நுனி வளைந்த எஃகிழைகளை மனதில் கொண்டு எழுதப்பட்ட விதிகளை டயர் கம்பிக்கு அப்படியே பொருத்தாமல், தனியாக வளைவுச் சோதனை செய்து பெறும் எண்ணைக் கொண்டே தடிமனைக் கணக்கிட வேண்டும்.

இதில் உள்ள சிக்கல் தரம் பிரிப்பது. ஆலையிலிருந்து நேராக வரும் கம்பி ரப்பர் ஒட்டிக்கொண்டு, நீளமும் குட்டையுமாக, சுருண்டு கிடக்கும். அதை அப்படியே மிக்ஸரில் போட்டால் சிக்குப் பிடித்து உருண்டை உருண்டையாகத் திரளும். ஒரு முறை அப்படித் திரண்டால் கையால் பிரிக்க முடியாது, அந்தக் கலவை முழுவதும் வீண். இழையைச் சல்லடை வழியாகத் தூவியபடி, ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. மேற்பரப்பில் துருத்தும் கம்பி முனைகள் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். கிடங்குத் தரைக்கு அது பொருட்டன்று, வெறுங்காலோடு நடக்கும் இடத்துக்கு இது ஆகாது.

எத்தனை டயர் பயன்படுகிறது என்ற கோணத்திலும் ரப்பர் துகளையும் எஃகிழையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடித் தரையை 6 அங்குலத் தடிமனில் போட்டால் ஏறத்தாழ 14 கன மீட்டர் கான்கிரீட். மேலே சொன்ன 10 சதவீத அளவில் ரப்பர் துகளைச் சேர்த்தால் சுமார் 425 கிலோ. தோராயமாக 11 லாரி டயர்களில் இருந்து அது கிடைத்துவிடும். எஃகிழை 25 கிலோ வீதம் சேர்த்தால் மொத்தம் 350 கிலோ ஆகும். அதற்குச் சுமார் 30 லாரி ரேடியல் டயர்களின் கம்பி வேண்டும். கான்கிரீட்டைப் பலவீனப்படுத்தி 11 டயரின் ரப்பரைப் புதைப்பதா, தளத்தை உறுதிப்படுத்தி 30 டயரின் எஃகைப் பயன்படுத்திவிட்டு, அவற்றின் ரப்பரை அதற்கு ஏற்ற வேறு வேலைக்கு அனுப்புவதா என்று கேட்டால், என் தேர்வு இரண்டாவது.

துணி இழைக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெம்குமார் பாந்தியாவின் குழு 2017-இல் அறிவித்த முடிவுதான் செய்திகளில் அதிகம் அடிபட்டது: பழைய டயரின் பாலிமர் இழையை, அதாவது துணி இழையை, 0.35 சதவீதம் சேர்த்த கலவையில், விரிசல் சாதாரண கான்கிரீட்டைவிட 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் பல்கலைக்கழக வளாகத்தின் மெக்மில்லன் கட்டடத்துப் படிக்கட்டுகளுக்கு அந்தக் கான்கிரீட்டில் மேற்தளமும் போட்டார்கள். குறைந்தது விரிசல் என்பதைக் கவனிக்க வேண்டும். அமுக்க வலிமை 90 சதவீதம் கூடியது என்று இதைத் திரித்து எழுதியவர்களும் உண்டு.

இந்தப் பண்பு நம் வெயிலுக்கு மிகவும் பொருந்துவது. கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில், மேற்பரப்பிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியானால் சுருக்க விரிசல் விழும் அபாயம் உண்டு என்பது நடைமுறை அளவுகோல். சித்திரை மாதத்தில் காற்று வீசும் திறந்த வெளியில் அந்த அளவைத் தாண்டுவது எளிது. காலையில் போட்ட மொட்டைமாடித் தளத்தில் மதியத்துக்குள் தலைமுடி போன்ற கோடுகள் ஓடுவதைக் கட்டட வேலை பார்த்த எவரும் அறிவர். மெல்லிய இழைகள் அந்தக் கோடுகளைத் தொடக்கத்திலேயே பிடித்து நிறுத்துகின்றன. தீவிபத்திலும் ஒரு பயன் உண்டு: வெப்பத்தில் இழை உருகி நுண்குழல்களை விட்டுச் செல்வதால், உள்ளே சிக்கிய நீராவி வெளியேறி, கான்கிரீட் வெடித்துச் சிதறுவது தவிர்க்கப்படுகிறது என்பதை ஷெஃபீல்டு ஆய்வாளர்களே டயர் இழையிலும் காட்டியுள்ளனர். சுரங்கப்பாதைகளுக்கு இப்போது புதிய பாலிபுரொப்பிலீன் இழையை வாங்கிப் போடுவது இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் இங்குள்ள ஆலைகளில் துணி இழை வெளியேறும் நிலையைப் பார்த்தவர்களுக்கு உடனடி நம்பிக்கை பிறக்காது. அது ரப்பர் தூள் அப்பிய பஞ்சு போன்ற குப்பை. அதைச் சுத்தம் செய்து தரமாகக் கொடுக்கும் விற்பனையாளர் கிடைக்காதவரை, ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோ அளவில் புதிய பாலிபுரொப்பிலீன் இழையைப் போடுவதே நடைமுறைக்கு ஏற்றது. நைலான் டயர் மிகுந்த நம் நாட்டில் இந்த மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பிரித்தெடுக்கும் தொழில்தான் வளரவில்லை.

அமுக்க வலிமையையே உயர்த்துவதாக அறிவிக்கப்பட்ட டயர்ப் பொருள் ஒன்று உண்டு, அதுவும் ரப்பர் அன்று. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு, டயரைக் காற்றில்லாமல் சூடேற்றி வெப்பச்சிதைவு செய்த பிறகு மிஞ்சும் கரியில் மின்சாரத்தைப் பாய்ச்சி, நொடிப்பொழுதில் 2,700 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, மிக மெல்லிய கரிப்படலமான கிராஃபீனாக மாற்றியது. சிமென்ட்டின் எடையில் 0.1 சதவீத அளவே சேர்த்ததில் அமுக்க வலிமை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்ததாக 2021-இல் அறிவித்தார்கள். தலைப்புச் செய்திக்குத் தகுதியான முடிவுதான். ஆயினும் இன்றைக்குக் கடையில் மூட்டையாக வாங்க முடியாத பொருளை வைத்து இவ்வாண்டு போடும் தளத்துக்கு முடிவெடுக்க முடியாது.

ரப்பரைக் கான்கிரீட்டில் போடாமல் தாரில் போடுவதும் ஒரு தேர்வுதான் என்பதை ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால் அது நேர்மையாகாது. ரப்பர் துகள் கலந்த தாருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17079 இருக்கிறது, ரப்பர் தாரோடு இயல்பாகவே ஒத்துப்போகிறது, வெயிலில் தார் இளகுவதையும் குறைக்கிறது. கான்கிரீட் பக்கத்திலோ, மணல், ஜல்லிக்கான ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு பழைய கான்கிரீட்டையும் உலைக்கசடையும் அனுமதிக்கிறது, டயர் ரப்பரை அல்ல. 2022 ஜூலையில் வந்த கழிவு டயர் விதிகளின்படி டயர் உற்பத்தியாளர்கள் 2024-25 முதல் தங்கள் உற்பத்திக்கு இணையான முழு அளவுக்கு மறுசுழற்சிப் பொறுப்பை ஏற்க வேண்டியிருப்பதால், துகளின் வரத்து கூடவே செய்யும். வரத்து கூடுகிறது என்பதற்காக அதைத் தூணில் திணிக்க வேண்டியதில்லை.

ஆகவே வேலையைப் பார்த்து முடிவு செய்யலாம். தூண், பீம், மாடித் தளம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் ரப்பர் துகள் வேண்டாம்; எவர் எந்தச் சோதனை அறிக்கையைக் காட்டினாலும் வேண்டாம். கிடங்கு, பணிமனைத் தரைகளுக்குத் தரம் பிரித்த டயர் எஃகிழை கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. வாகனம் ஏறாத நடைபாதைக்கான பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 தரநிலை 2006-இல் எம்30 என்று வகுத்தது; அங்கே மணலில் 5 முதல் 10 சதவீதம் துகளைச் சேர்த்து அந்த எண்ணை எட்டுவது சாத்தியம். கனரக லாரிகள் திரும்பும் முற்றத்துக்கு அதே கல்லைப் போடுவது தவறு. தேய்மானத்தில் துகள்கள் பெயர்ந்து மழைநீரோடு போகும், ரப்பரில் உள்ள துத்தநாகமும் சேர்ந்து போகும். அதே காரணத்தால் கிணற்றுக்கும் குளத்துக்கும் அருகில் இதைத் தவிர்ப்பது நல்லது. சுமை தாங்காத தடுப்புச்சுவர்க் கட்டிகளுக்கு 20 சதவீதம் வரை போகலாம். எடையும் குறையும், ஒலியும் அடங்கும்.

துகளை வாங்குபவர் விற்பவரிடம் மெஷ் அளவோடு நின்றுவிடாமல் சல்லடைப் பகுப்பாய்வைக் கேட்க வேண்டும். ஒரு கைப்பிடித் துகளை வெள்ளைத் தாளில் பரப்பிக் காந்தத்தை மேலே நகர்த்தினாலே கம்பித் துணுக்குகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும். முதல் கலவைக்கு ரப்பர் இல்லாத கியூபும் ரப்பர் கலந்த கியூபும் ஒரே நாளில், ஒரே சிமென்ட் மூட்டைகளிலிருந்து வார்க்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் 28-ஆம் நாள் வரும் வித்தியாசம் ரப்பரால் வந்ததா, சிமென்ட்டால் வந்ததா என்று சொல்ல முடியாது. உடைத்த கியூபின் உட்புறத்தில் கறுப்புத் துகள்கள் மேல்பாதியில் நெருக்கமாகவும் கீழ்பாதியில் அரிதாகவும் தெரிந்தால், எண் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அந்தக் கலவையை ஏற்காமல், தண்ணீரையும் வைப்ரேட்டர் நேரத்தையும் குறைத்து மறுபடி வார்த்துப் பார்க்க வேண்டும்.